நிக்கட்டும் என்றொரு நிலை

விரிகோடு
14-06-2025

'நாள்வரிசை' செயலியை உருவாக்கியவருக்கு,

உங்கள் செயலியில் கருத்துச் சொல்ல ஒரு பெட்டி வைத்திருக்கிறீர்கள். முந்நூறு எழுத்தைத் தாண்டினால் அது சிவப்பாகிவிடுகிறது. நான் சொல்ல வேண்டியது அதில் அடங்காது. 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தில் நாகர்கோவில் வடசேரி முகவரி ஒன்று இருந்தது. அதற்கு எழுதுகிறேன். போன் நம்பரும் இருந்தது. வேண்டாமென்று விட்டேன். இப்போது போனில் பேசினால், பேசிய பேச்சுக்கு நானே பிறகு வெட்கப்பட வேண்டியிருக்கும்.

என் பெயர் ஆன்ஸ்லின். வயது நாற்பத்திநான்கு. மார்த்தாண்டம் பக்கம் விரிகோட்டில் இருக்கிறேன். வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போய், சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் ஆறு வருடத்துக்கு முன்னால் ஊர் திரும்பியவன். உட்கார்ந்த இடத்திலிருந்து செய்யக்கூடிய ஒரு தொழிலைப் பிடித்துக்கொண்டேன். வயரிங், பிளம்பிங், மோட்டார் என்று எந்த வேலைக்கும் ஜனங்கள் எனக்குப் போன் செய்வார்கள். என்னோடு பதினொரு பேர் வேலை செய்கிறார்கள். யார் எங்கே போக வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பது நான்.

மூன்று வருடமாக அதற்கு உங்கள் செயலிதான். அதில் ஒரு வேலைக்கு நான்கு நிலை உண்டு. செய்ய வேண்டியது, நடக்கிறது, காத்திருப்பு, முடிந்தது. 'செய்ய வேண்டியது' என்பதில் இருப்பவை காலை ஏழு மணிக்கு அவரவர் போனுக்குத் தானாகப் போய்விடும். காத்திருப்பில் இருப்பவை போகாது.

மேல்புறம் என்ற ஊரில் ஐயப்பன் என்பவருடைய வாழைத்தோட்டம். அங்கே மோட்டார் ஷெட்டுக்கு வரும் மெயின் லைனை மாற்ற வேண்டும். கம்பத்தில் கரண்டைத் துண்டித்த பிறகுதான் அதில் கை வைக்கலாம். துண்டிப்பதற்கு மின்வாரியத்தில் பதினெட்டாம் தேதி குறித்திருந்தார்கள். அதனால் அந்த வேலையைக் காத்திருப்பில் போட்டு வைத்தேன்.

எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை உங்கள் புதிய பதிப்பு வந்தது. அதில் காத்திருப்பு இல்லை. அங்கே கிடந்த என் நான்கு வேலைகளையும் எடுத்து 'செய்ய வேண்டியது' என்பதில் போட்டுவிட்டீர்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு சுயம்புராஜின் போனுக்கு அந்த வேலை போயிற்று. அவர் இருபத்திரண்டு வருடமாக வயரிங் வேலை செய்கிறவர். என் பட்டியலில் வந்துவிட்டால் லைனைத் துண்டித்தாயிற்று என்று அர்த்தம். மூன்று வருடமாக அதில் ஒருநாளும் பிசகு வந்ததில்லை. மழையில் பைக்கை எடுத்துக்கொண்டு மேல்புறம் போனார். லைனைத் தொட்டார்.

உயிர் இருக்கிறது. வலது கை வெந்துபோயிற்று. தூக்கி எறிந்ததில் தோள் எலும்பும் விலகியிருக்கிறது. நாகர்கோவில் பெரியாஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் கிடக்கிறார். அவர் மனைவி பூங்கனி வெளியே பெஞ்சில் இருக்கிறாள்.

நான் கேட்பது ஒன்றுதான். 'காத்திருப்பு' என்ற அந்த ஒரு சொல் உங்களுக்கு என்ன இடைஞ்சல் செய்தது?

ஆன்ஸ்லின்

உங்கள் பெயர் அந்தப் பக்கத்தில் இல்லை. இருந்திருந்தால் பெயர் சொல்லியே கேட்டிருப்பேன்.


வடசேரி
19-06-2025

மதிப்பிற்குரிய ஆன்ஸ்லின் சார்,

என் பெயர் சுபிதா. 'எங்களைப் பற்றி' என்று போட்டிருந்தாலும் நான் ஒருத்திதான். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி வேலையை விட்டுவிட்டு, என் அறையில் உட்கார்ந்து தனியாகச் செய்த செயலி அது.

உங்கள் கடிதத்துக்கு மூன்று முறை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றிலும் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் விளக்கம் சொல்லியிருந்தேன். ஆகவே முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். உங்களிடமும், சுயம்புராஜ் அவர்களிடமும், அவர் மனைவியிடமும்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு ஒளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்து முந்நூறு பேருக்கு மேல் இந்தச் செயலியை வைத்திருக்கிறார்கள். அதில் காத்திருப்பைப் பயன்படுத்தியவர்கள் எழுபத்தொரு பேர்தான். நிலைகள் அதிகமாக இருக்கின்றன, குழப்புகிறது என்று நிறையப் பேர் எழுதினார்கள். காத்திருப்பில் போட்ட வேலையைப் பலர் மறந்தே போனார்கள். அது ஒரு பரண் மாதிரி ஆகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. மூன்று நிலை போதும் என்று முடிவு செய்தேன்.

ஒரு நிலையை எடுத்தால் அதில் இருக்கும் வேலைகளை எங்கேயாவது வைத்தாக வேண்டும். 'முடிந்தது' என்பதில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்று பயந்தேன். 'செய்ய வேண்டியது' என்பதில் வைத்தால் யாரும் மறக்க மாட்டார்கள். அதுதான் பத்திரமான பக்கம் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன், சார்.

ஒருவர் தன் சொந்த வேலைகளைக் குறித்து வைப்பதற்காகச் செய்தது இது. கரண்ட் பில், பிறந்தநாள், பல் டாக்டர், இப்படி. காலைப் பட்டியலை இன்னொருவருக்கு அனுப்பும் வசதிகூட, வீட்டில் இரண்டு பேர் கடைச் சாமான்களைப் பிரித்துக்கொள்வதற்காக வைத்ததுதான். அதை நம்பி ஒருவர் கரண்டைத் தொடுவார் என்று நான் யோசிக்கவில்லை. புதிய பதிப்பைத் திறந்ததும் 'நிலைகள் எளிமையாக்கப்பட்டுள்ளன' என்று ஓர் அறிவிப்பு வரும்படி வைத்திருந்தேன். அதைச் சாக்காகச் சொல்லவில்லை. அந்த வாசகம் எதையுமே தெரிவிக்கவில்லை என்று இப்போது வாசிக்கும்போது தெரிகிறது.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே பழைய பதிப்பைத் திரும்பப் போட்டுவிட்டேன். எழுபத்தொரு பேருக்கும் காத்திருப்பு திரும்பியிருக்கும்.

வேறு என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. சொல்லுங்கள், செய்கிறேன்.

சுபிதா


விரிகோடு
25-06-2025

சுபிதா மேடத்துக்கு,

'பத்திரமான பக்கம்' என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை என் மனைவி ஸ்மைலினுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தப் பிள்ள பொய் சொல்லல்லே" என்றாள். நீங்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்குக் கோபம். பொய் சொல்லியிருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

சொந்த வேலைகளுக்காகச் செய்தது என்கிறீர்கள். ஒரு மனுஷனுடைய சொந்த வேலை அவனோடு நின்றுவிடுமா? உங்கள் பல் டாக்டர் வேலையில்கூட டாக்டர் என்று ஒருவர் இருக்கிறாரே. அவர் வரச் சொல்லும் வரைக்கும் நீங்கள் என்ன நிலையில் இருப்பீர்கள்?

நான் விழுந்த கதையைச் சொல்கிறேன். அங்கே சாரத்தின் ஏணியில் ஓர் அட்டை தொங்கும். பச்சை என்றால் ஏறலாம், சிவப்பு என்றால் ஏறக் கூடாது. முந்தின நாள் அடித்த காற்றில் சிவப்பு அட்டை கீழே விழுந்துவிட்டது. காலையில் அட்டை இல்லாத ஏணியைப் பார்த்த ஒருவன், கையில் இருந்த பச்சையை மாட்டினான். அட்டை இல்லாவிட்டால் வேலை நின்றுபோகும், பத்துப் பேர் சும்மா நிற்பார்கள் என்று நல்லதுக்காக நினைத்து மாட்டினான். கெட்டவன் இல்லை. என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். நான் ஏறினேன்.

அதனால்தான் உங்கள் செயலியில் காத்திருப்பு என்று ஒன்று இருப்பதைப் பார்த்தபோது இதுதான் எனக்கு வேண்டியது என்று எடுத்துக்கொண்டேன். எழுபத்தொரு பேர்தான் என்கிறீர்கள். அந்தக் கட்டடத்தில் அன்றைக்கு நானூறு பேர் வேலை பார்த்தோம். விழுந்தவன் நான் ஒருவன்தான்.

இன்னொரு விஷயம். நேற்று பூங்கனி போனில் சொன்னாள். "கண்ணாடி போட்ட ஒரு பிள்ள வந்திச்சு. ஆரஞ்சு வாங்கிட்டு வந்திச்சு. இன்சூரன்சு ஆபீசான்னு கேட்டேன், தலையாட்டிச்சு. அர மணிக்கூர் இருந்துட்டுப் போச்சு."

எங்களுக்கு இன்சூரன்சு எதுவும் இல்லை. அது நீங்களா?

ஆன்ஸ்லின்


வடசேரி
01-07-2025

ஆன்ஸ்லின் சார்,

நான்தான்.

யார் என்று சொல்வதற்காகத்தான் போனேன். பஸ்ஸில் போகும்போது வாக்கியங்களைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். கட்டிலில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கை முழுக்கக் கட்டு. பூங்கனி அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார். இன்சூரன்சா என்று கேட்டபோது இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மருந்துச் சீட்டை என் கையில் தந்து, "இதுல எது மக்கா சாப்பாட்டுக்கு முந்தி?" என்று கேட்டார். வாசித்துச் சொன்னேன். அதற்காக என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வேன்?

என் முதல் கடிதத்தில் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. மூன்று நிலையாகக் குறைக்கப்போகிறேன் என்று மார்ச் மாதமே செயலியின் பக்கத்தில் அறிவித்திருந்தேன். கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் வேலை செய்யும் சிவதாணு என்பவர் எழுதியிருந்தார். 'காத்திருப்பை எடுத்துவிட வேண்டாம், அது வேறு, செய்ய வேண்டியது வேறு' என்று ஒரே வரி. 'பரிசீலிக்கிறோம்' என்று அவருக்குப் பதில் போயிற்று. அந்தப் பதில் தானாகப் போவது. நான் அதை வாசித்தது மே மாதம். வாசித்த பிறகும் எடுத்தேன். எழுபத்தொரு பேருக்காக ஒவ்வொரு பதிப்பிலும் கூடுதலாக வேலை செய்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. உண்மையான காரணம் அந்த அலுப்புதான். பரண், குழப்பம் என்று நான் எழுதியதெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

ஜூலை முப்பத்தொன்றோடு நாள்வரிசையை மூடிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். தினமும் ரயிலில் போய்வரலாம். அங்கே நான் எழுதுவதை மூன்று பேர் சரிபார்ப்பார்கள். என் ஒருத்தி கையில் இது இருக்கக் கூடாது என்று தோன்றுகிறது.

உங்கள் பட்டியல்களை எல்லாம் எடுத்துத் தனியாக அனுப்பிவிடுகிறேன். ஒன்றும் தொலையாது.

சுபிதா


விரிகோடு
07-07-2025

சுபிதா,

மூட உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?

கோபப்படாமல் எழுத வேண்டும் என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. மூடினால் என் காத்திருப்பெல்லாம் எங்கே போகும்? இந்தத் தடவை எந்தப் பக்கம் பத்திரம்? பதினொரு பேருடைய ஒவ்வொரு நாளும் அதற்குள் இருக்கிறது. எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டுக்காரர் மாடி டேங்கை இதுவரை கழுவியதே இல்லை என்பது வரைக்கும் எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் ஒரு தப்புச் செய்தீர்கள். அதற்காக எங்களுக்கு இன்னொரு தப்புச் செய்யப்போகிறீர்கள்.

இவ்வளவு அதிகாரமாக எழுதுகிறவன், தன் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

உங்கள் அறிவிப்பு எனக்கு வந்தது. எட்டாம் தேதி, ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு. 'சரி' என்று ஒரு பொத்தான். வாசிக்காமல் அழுத்தினேன். அது பெரிய விஷயமில்லை, எல்லாரும் செய்வது. பெரியது வேறு.

ஸ்மைலின் முந்திரி ஆலையில் வேலை செய்கிறாள். அண்டி ஆபீஸ் என்று இங்கே சொல்வோம். எட்டேகாலுக்கு அவள் வண்டி வந்துவிடும். அதனால் காலை ஏழிலிருந்து எட்டு வரைதான் அவள் என்னைப் புரட்டி, துடைத்து, டியூப் மாற்றிக் குளிப்பாட்டும் நேரம். அந்த ஒரு மணி நேரம் நான் போன் எடுக்க மாட்டேன். என் ஆட்களுக்கு நான் சக்கர நாற்காலியில் இருப்பது தெரியும். இது தெரியாது. யாராவது கேட்டால், வேறொரு கஸ்டமரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிடுவேன். ஆறு வருடமாக அப்படித்தான் சொல்லிவருகிறேன்.

ஒன்பதாம் தேதி காலை ஏழு இருபதுக்கு சுயம்புராஜ் என்னைக் கூப்பிட்டார். ஏழு நாற்பதுக்கு மறுபடியும் கூப்பிட்டார். மேஜையில் போன் அதிர்ந்துகொண்டே நகர்ந்தது. "எடுக்கட்டா? சுயம்பு அண்ணனாக்கும்" என்று ஸ்மைலின் கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் எடுத்து 'அவரு குளிக்காரு' என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எதற்காகக் கூப்பிட்டார் என்று கேட்டிருப்பாள். பதினெட்டாம் தேதி என்றல்லவா இருந்தது என்று அவர் கேட்டிருப்பார்.

எட்டு ஐந்துக்கு நான் கூப்பிட்டேன். அவர் எடுக்கவில்லை. எட்டுப் பத்துக்கு ஐயப்பன் கூப்பிட்டார்.

நீங்கள் ஒரு சொல்லை எடுத்தீர்கள். நான் ஒரு போனை எடுக்கவில்லை. முதல் கடிதத்தில் உங்களை அப்படிக் கேட்டவன் இதை எழுதவில்லை. உங்களுக்கு எழுத முடிந்துவிட்டது. சுயம்புவிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

ஆன்ஸ்லின்


வடசேரி
15-07-2025

ஆன்ஸ்லின் அண்ணனுக்கு,

இப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. 'சார்' என்று எழுத இனிமேல் கை வரவில்லை.

உங்கள் கடிதத்தை வாசித்த மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் நான் யார் என்று சொல்லிவிட்டேன். அவர் விழித்திருந்தார். "அப்ப ஆரஞ்சு அதுக்காக்கும்" என்றார் பூங்கனி அக்கா. நான் போகும் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியே நின்றார்.

சுயம்பு அண்ணன்தான் பேசினார். "டெஸ்டர் எஞ் சட்டப் பையிலதான் கெடந்துது பிள்ளே. எடுத்து வச்சுப் பாக்க ஒரு நிமிசம் ஆவாது. நானும் வைக்கல்லே" என்றார். அதனால் என் பங்கு குறைந்துவிடாது என்றேன். "கொறயாதுதான்" என்று ஒத்துக்கொண்டார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

பிறகு அந்த நிலையைப் பற்றிக் கேட்டார். "காத்திருப்புன்னு போட்டா, ஆருக்காகக் காத்திருக்கோம்னு எழுத அதுல எடம் உண்டா?"

இல்லை என்றேன்.

"ஆரு சொன்னா அத எடுக்கலாம்னு?"

அதுவும் இல்லை.

"அப்ப அது என்ன காத்திருப்பு? வடசேரி ஸ்டாண்டுல சும்மா நிக்கிறவனும் உண்டு, பஸ்ஸுக்கு நிக்கிறவனும் உண்டு. ரெண்டும் ஒண்ணா?"

ஒரு வீட்டில் வேலை செய்யும்போது பீஸ் கட்டையைக் கழற்றிப் பக்கத்தில் வைக்க மாட்டாராம். தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாராம். வேலை நடப்பது தெரியாமல் வீட்டில் யாராவது அதை எடுத்து மாட்டிவிட்டால்? பையில் இருந்தால் அவர் கொடுக்காமல் யாரும் மாட்ட முடியாது. "ஒங்க செயலியில கட்ட ஆரு பையில இருக்கு?" என்று கேட்டார். ஐந்து வருடமாக நான் எழுதியதில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை அண்ணா. யார் வேண்டுமானாலும் மாட்டலாம் என்றுதான் வைத்திருந்தேன். நானே மாட்டினேன்.

உங்கள் பங்கை அவரிடம் சொல்லவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது. ஆனால் நான் புறப்படும்போது அவர் கேட்டதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். "ஆன்ஸ்லின் போன்ல முன்ன மாதிரிப் பேசமாட்டேங்காரு. ரெண்டு வார்த்த பேசிட்டு வச்சிருகாரு. பாத்துச் செய்யல்லேன்னு எம்மேல கோவமா இருக்கும், இல்லியா?"

மூடுவதாகக் குறித்த முப்பத்தொன்றாம் தேதியை அழித்துவிட்டேன். திருவனந்தபுரத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

சுபிதா


விரிகோடு
24-07-2025

சுபிதா,

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியை வாசித்த பிறகு வேறு வழியில்லை. சுயம்பு வீட்டுக்கு வந்ததும் கார் பிடித்துப் போனேன். அவர் வீட்டு நடையில் மூன்று படி. தூக்குவதற்கு ஆள் கூப்பிட வேண்டாம் என்று சொல்லி, காரில் இருந்தபடியே பேசினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. குடை பிடித்துக்கொண்டு கார்ப் பக்கத்தில் நின்று கேட்டார்.

ஏழு இருபது, ஏழு நாற்பது, ஸ்மைலின் கேட்டது, நான் வேண்டாம் என்றது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதையா ஓய் ஒரு மாசமாட்டு உள்ள வச்சிட்டு இருந்தீரு?" என்றார். குடையை இடது கையிலேயே பிடித்திருந்தார். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. இனி மடங்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிளையர் பிடிக்க முடியாது. அவர் பேசாமல் நின்ற அந்த நேரம், நான் சாரத்திலிருந்து கீழே வந்த நேரத்தை விட நீளம்.

பூங்கனி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சாயா கொண்டுவரவில்லை. அந்த வீட்டிலிருந்து சாயா குடிக்காமல் நான் திரும்பியது இதுதான் முதல் தடவை. அவளைக் குறை சொல்லவில்லை.

இனி உன் வேலைக்கு வருகிறேன். அந்த நிலைக்கு 'காத்திருப்பு' என்ற பெயர் வேண்டாம். அது சாமியாருக்குப் பொருந்தும். 'தொடாதே' என்று போடு. பார்த்தவுடன் கை பின்னால் போக வேண்டும்.

ஆன்ஸ்லின்


வடசேரி
08-08-2025

அண்ணனுக்கு,

'தொடாதே' என்று போட்டு ஒரு வாரம் நானே பயன்படுத்திப் பார்த்தேன். 'அம்மாவுக்குப் பல் டாக்டர் – தொடாதே' என்று வந்தது. 'மாமா மகள் கல்யாணத்துக்குப் புடவை – தொடாதே' என்று வந்தது. அம்மா என் போனைப் பார்த்துவிட்டு, "ஒனக்கு என்னட்டி ஆச்சு?" என்று கேட்டாள்.

'நிறுத்தம்' பஸ் மாதிரி இருக்கிறது. 'தடை' கோர்ட் மாதிரி இருக்கிறது. 'பொறுத்திரு' என்றால் யாரோ நமக்குப் புத்தி சொல்வது போல. கடைசியில், அடுப்பில் இருந்த குழம்பை நான் இறக்கப் போனபோது அம்மா சொன்னதையே எடுத்துக்கொண்டேன். "நிக்கட்டும், நான் சொல்லுகேன்."

'நிக்கட்டும்.' எழுத்துத் தமிழில் 'நிற்கட்டும்' என்று போட்டால் உத்தரவு மாதிரி இருக்கிறது. 'நிக்கட்டும்' என்றால் பக்கத்தில் ஆள் இருப்பது போல இருக்கிறது. அதையே வைத்துவிட்டேன்.

ஒரு வேலையை அதில் போட்டால் இரண்டு கேள்வி வரும். யார் சொல்லணும்? எப்போது கேட்கணும்? இரண்டையும் நிரப்பாமல் அதில் போட முடியாது. எப்போது கேட்கணும் என்ற நாள் வந்தால் ஞாபகப்படுத்தும், ஆனால் வேலையை நகர்த்தாது. யார் சொல்லணும் என்று போட்டோமோ அவர் தன் போனிலிருந்து 'ஆகட்டும்' என்று சொன்னால்தான் அது செய்ய வேண்டியதற்குப் போகும். அவரிடம் செயலி இல்லையென்றால், அவரிடம் கேட்டவர் தன் பெயரைப் போட்டுத்தான் எடுக்க முடியும். தேதியால் அதை எடுக்க முடியாது. புதிய பதிப்பால் எடுக்க முடியாது. என்னாலும் எடுக்க முடியாது. இனி எப்போதாவது நான் நிலைகளை மாற்றினால், எங்கே வைப்பது என்று தெரியாத எல்லா வேலைகளும் நிக்கட்டும் என்பதற்குத்தான் போகும். பத்திரமான பக்கம் எது என்று இப்போது தெரியும்.

எழுபத்தொரு பேருக்கும் நடந்ததைத் தனித்தனியாக எழுதினேன். உங்கள் பெயரும் ஊரும் இல்லாமல். நாற்பது பேர் வரை பதில் போட்டார்கள். சிலர் திட்டினார்கள். கன்னியாகுமரி சிவதாணுவும் பதில் எழுதினார். 'பரவாயில்லை. நான் ஏப்ரலிலேயே நோட்டுப் புத்தகத்துக்கு மாறிவிட்டேன்.' அந்த ஒரு பதில்தான் மனதை விட்டுப் போகவில்லை.

திருவனந்தபுரத்துக்கு, வாரத்தில் மூன்று நாள் வருகிறேன் என்று எழுதினேன். சம்மதித்துவிட்டார்கள். மற்ற நாள் இது.

கடைசியாக ஒன்று. 'யார் சொல்லணும்' என்பதில் வருபவர் எந்த நேரத்தில் கிடைக்க மாட்டார் என்று போடவும், அந்த நேரத்தில் யாரைக் கேட்கலாம் என்று போடவும் ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். காரணம் எழுத இடம் வைக்கவில்லை. உங்கள் பெயருக்கு அது இப்போது காலியாக இருக்கிறது. நிரப்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

சுபிதா


விரிகோடு
12-09-2025

சுபிதா,

பதில் எழுத இத்தனை நாளானதற்குக் காரணம் அந்தக் கட்டம்தான். இரண்டு வாரத்துக்கு மேல் காலியாகவே விட்டு வைத்தேன். ஏழிலிருந்து எட்டு என்று போடுவது சுலபம். அந்த நேரத்தில் யாரைக் கேட்கலாம் என்பதற்கு ஆள் இல்லை.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒருநாள் சுயம்பு பைக்கில் ஒருவன் பின்னால் தொற்றிக்கொண்டு இங்கே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "வயரிங் இனி நம்மால ஆவாது. ஆனா வயரிங் தெரிஞ்ச ஒருத்தன் போன் எடுத்தா ஒமக்கு என்ன கொறச்சல்?" என்று கேட்டார். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கேட்கத் தைரியமில்லாமல் இருந்தேன். அவருடைய கையைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்க எனக்கு என்ன உரிமை?

அன்றைக்கே கட்டத்தில் அவர் பெயரைப் போட்டேன்.

இப்போது தினமும் ஆறே முக்காலுக்கு வந்துவிடுகிறார். முன்னறையில் உட்கார்ந்து இடது கையால் டைப் செய்கிறார். மெதுவாகத்தான் செய்கிறார், ஆனால் என்னை விடக் கறார். போன வாரம் ஒரு வீட்டுக்காரர், லைன் துண்டித்தாயிற்று, ஆளை அனுப்புங்கள் என்று மூன்று தடவை கூப்பிட்டார். துண்டித்தவர் வாயால் கேட்காமல் 'ஆகட்டும்' போட மாட்டேன் என்று சுயம்பு சொல்லிவிட்டார். அந்த வீட்டுக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். போகட்டும்.

பூங்கனி இன்னும் என்னிடம் பேசுவதில்லை. ஆனால் சுயம்புவின் சோற்றுப் பாத்திரத்தில் இரண்டு பேருக்கு வைத்து அனுப்புகிறாள். நேற்று மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும். நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறேன்.

இன்று காலை நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஏழரை மணி. ஸ்மைலின் என்னை ஒரு பக்கமாகப் புரட்டி முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் போன் அடித்தது. சுயம்பு எடுத்தார். அந்தப் பக்கம் யாரோ அவசரக்காரர் போலிருக்கிறது, ஆன்ஸ்லினிடமே பேச வேண்டும் என்று அடம் பிடித்திருக்கிறார். சுயம்புவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. வீடு முழுக்கக் கேட்டது.

"அவரால எந்திரிக்க முடியாதுல்லா. பொண்டாட்டி குளிப்பாட்டுகா. எட்டு மணி ஆவும். அவசரம்னா எங்கிட்டச் சொல்லும், இல்லேன்னா எட்டுக்குக் கூப்பிடும்."

ஸ்மைலினுடைய கை என் முதுகில் அப்படியே நின்றது. ஆறு வருடமாக நாங்கள் இரண்டு பேரும் கதவைச் சாத்தி வைத்து மறைத்ததை அந்த மனுஷன் ஒரே மூச்சில் ஊருக்குச் சொல்லிவிட்டார். எழுந்து போய் போனைப் பிடுங்க வேண்டும் போல இருந்தது. எழுந்து போகிறவனாக இருந்தால் பிடுங்க வேண்டிய தேவையே இல்லை என்று அப்புறம்தான் தோன்றியது. ஸ்மைலின் முதலில் சிரித்தாள். சத்தம் வெளியே கேட்காமல் இருக்க ஈரத் துண்டை வாயில் வைத்துக்கொண்டாள். நானும் சிரித்துவிட்டேன்.

எட்டு மணிக்கு அந்த ஆள் திரும்பக் கூப்பிட்டார். போனை எடுக்கும்போது, ஐயோ பாவம் என்பாரோ, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பாரோ என்று பயந்தேன்.

அவர் அடுக்களையில் பைப்பு உடைந்து தண்ணீர் ஹாலுக்கு வந்துவிட்டதைப் பற்றி மட்டும்தான் பேசினார்.

ஆன்ஸ்லின்